புலனாகாப் பூச்சிகளின் வரலாறு

பெரியதே வரலாறு என்று நினைப்பது மனிதரின் நெடுநாள் வழக்கம். மன்னர் ஏடேறினர், வயலை உழுதவர் பெயரின்றி மறைந்தனர். உயிரினங்களின் வரலாற்றிலும் யானையும் புலியும் முதலிடம் பெற்றன. புழுதியிற் புழுதியாக வாழும் நுண்பூச்சிகள் நெடுங்காலம் இருந்தும் இல்லாதனவாயின. அவை அறியப்பட்ட கதையை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சிறியதைக் காண்பதற்கு நுணுக்குக்காட்டி மட்டும் போதாது. அதைக் காணவேண்டிய தேவையும் வேண்டும். அத்தேவை யாருடையது என்பதே நம் கேள்வி.

1833 இல் ஹாலிடே என்ற அயர்லாந்து நாட்டுப் பூச்சியியலாளர், மிக நுண்ணிய குளவிகளை ஒரு தனிப் பிரிவாக வகுத்தார். அவற்றுட் பல ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாதவை. நீண்ட மயிர்கள் விளிம்பிட்ட ஒடுங்கிய சிறகுகளை உடைய இவை பிற பூச்சிகளின் முட்டைக்குள்ளே தம் முட்டையை இடும். அம்முட்டையின் உள்ளீடே இக்குளவியின் புழுவுக்கு உணவு. ஹாலிடே அன்று பெயரிட்ட இனங்களுள் ஒன்று அனாகிரசு. அப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் இக்கதை இலங்கைக்கு வருகின்றது. மலைநாட்டின் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களான காலம் அது. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அத்தோட்டத் துரைமாருள் ஒருவர் ஜோன் நீட்னர் என்ற ஜெர்மானியர். பூச்சியாராய்ச்சியில் ஆர்வமுடைய இவர் 1850களில் இலங்கை வண்டுகள் பலவற்றை விவரித்துக் கல்கத்தாவின் ஆசிய சங்கத்து இதழில் எழுதினார். இறகு போன்ற சிறகுடைய மிகச் சிறிய வண்டுகளும் அவற்றுள் அடங்கும். அவற்றில் ஒன்றுக்கு அவர் சூட்டிய இலத்தீன் பெயர் ‘இன்விசிபிலிஸ்’. புலனாகாதது என்பது பொருள். கண்டு, அளந்து, விவரித்த ஒன்றுக்கே புலனாகாதது என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

ஆயினும் நீட்னரின் புகழ் இவ்வண்டால் வந்ததன்று. கோப்பிச் செடியின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகள் தோட்ட முதலாளிகளின் இலாபத்தையும் உறிஞ்சத் தொடங்கியிருந்தன. 1861 இல் அவர் இலங்கைக் கோப்பியின் பகைவர்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அச்செதிற்பூச்சிகளைத் தின்று அழிக்கும் சிறு குளவிகளும் அக்காலத்திலேயே அறியப்பட்டன. ரஷ்யப் பூச்சியியலாளர் மொட்சூல்ஸ்கி 1859 இல் ‘ஸ்குற்றெலிஸ்றா சயேனியா’ என்று பெயரிட்ட குளவி இலங்கையிலிருந்து சென்றதே. இலாபத்திற்கு ஊறு நேர்ந்தபோது சிறியதையும் காணும் கண் திறந்தது. அறிவு பெருகியதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்த இலைகளை நாள்தோறும் கையாற் புரட்டிய தொழிலாளரின் பெயர் எந்தப் பூச்சிப் பட்டியலிலும் இல்லை. அந்த அறிவும் அவர்களிடம் திரும்பி வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறுமையின் எல்லை இன்னும் பின்வாங்கியது. 1997 இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் மொக்போர்ட் விவரித்த குளவியொன்றின் ஆண், 0.139 மில்லிமீற்றர் வரை சிறியது. அதற்குக் கண்ணுமில்லை, சிறகுமில்லை. 2012 இல் ரஷ்ய விஞ்ஞானி பொலிலோவ், 0.2 மில்லிமீற்றர் அளவான வேறொரு குளவியின் நரம்புத் தொகுதியை ஆராய்ந்தார். அதில் ஏறத்தாழ 7,400 நரம்புக் கலங்களே இருந்தன. அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை, பூச்சி முதிர்ச்சியடையும்போது தம் கருவை இழந்துவிட்டிருந்தன. தேனீயின் மூளையில் இலட்சக் கணக்கான நரம்புக் கலங்கள் உள. எனினும் இந்நுண்குளவி பறக்கின்றது. முட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கின்றது. தன் சந்ததியை நிலைநாட்டுகின்றது. சிறியது குறையுள்ளது அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி நாம் வாழும் பரந்தனுக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் இவ்வயல்களில் உழவர் அஞ்சும் பகைகளுள் ஒன்று அறக்கொட்டி; விவசாயத் திணைக்களத்தார் அதனைக் கபில நிறத் தத்தி என்பர். அத்தத்தி நெல்லின் இலைமடலுக்குள்ளே முட்டையிடும். மருந்து தெளித்தால் வெளியிலுள்ள தத்திகள் மடியும். மடலுக்குள் மறைந்த முட்டைகள் தப்பும். அவற்றைத் தேடி அழிக்க வல்லது எது? ஹாலிடே பெயரிட்ட அதே அனாகிரசு இனத்துக் குளவிகளே. ஆசிய நெல்வயல்களில் இவை பரவலாக வாழ்கின்றன. இலங்கையிற் செய்யப்பட்டு 1991 இல் வெளியான ஆய்வும், தத்தி முட்டைகளை அழிப்பனவற்றுள் இவற்றைக் காட்டியது. ஆனால் தெளித்த நஞ்சு குளவியையும் சிலந்தியையும் முதலிற் கொல்கின்றது. பின்னர் பொரிக்கும் தத்திகளுக்குப் பகையே இல்லை. பகையின்றிப் பெருகும் தத்திக்கு மீண்டும் மருந்து. மருந்துக்கு மீண்டும் கடன். பயன் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமோ?

இந்தச் சுழலை உடைத்த நாடு இந்தோனேசியா. 1986 இல் அந்நாடு நெல்லுக்குத் தெளிக்கும் 57 நஞ்சு வகைகளைத் தடைசெய்தது. அதனோடு நில்லாமல், 1989 முதல் வயலையே பள்ளியாக்கி, உழவரே பூச்சிகளைப் பிடித்து, நண்பன் எது பகைவன் எது என்று பிரித்தறியக் கற்பித்தது. இலங்கையிலோ 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதியும் பீடைநாசினிகளின் இறக்குமதியும் திடீரெனத் தடுக்கப்பட்டன. உழவர் விளைச்சலை இழந்து வீதிக்கு வந்தபின், அதே ஆண்டின் இறுதிக்குள் தடை கைவிடப்பட்டது. அங்கே உழவருக்கு அறிவு கொடுக்கப்பட்டது. இங்கே கட்டளை மட்டும் கொடுக்கப்பட்டது. வயலைக் காக்கும் நுண்ணுயிர்களை அறியாத உழவனுக்குத் தடையும் சுமை, தடைநீக்கமும் சுமை.

ஆதலால் இவ்வரலாறு நம்மிடம் வேண்டுவது பெரியதொன்றன்று. பள்ளியின் விஞ்ஞான அலுமாரியில் தூசி படிந்திருக்கும் கைவில்லைகளை எடுத்து, மாணவரோடு வயலுக்குச் செல்வோம். ஒரு நெற்றாளைப் பிளந்து, மடலுக்குள் இருக்கும் தத்தி முட்டைகளைப் பார்க்கச் செய்வோம். முட்டையை ஒரு குப்பியில் வைத்து, அதிலிருந்து வெளிவருவது தத்தியா குளவியா என்று எண்ணச் செய்வோம். அந்தக் கணக்கை அவர்களே தம் தாய் தந்தையரிடம் கொண்டு செல்லட்டும். கோப்பித் துரையின் இலாபத்திற்காகத் திறந்த கண், உழவனின் பிழைப்பிற்காகவும் திறக்கவேண்டும்.

புலனாகாதது என்று ஒரு பூச்சிக்குப் பெயரிட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. புலனாகாதவர்களாக வைக்கப்பட்ட மக்கள் அதனைத் தம் கண்ணாற் காணும் நாளே அந்த அறிவு நிறைவெய்தும் நாள்.