ஒரே உலைச் சோறு

ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, எதைச் சொல்கிறார்கள்? ஜெபம், உபவாசம், கோபத்தை அடக்குவது, மன்னிப்பது. எல்லாம் தனிமனுசனுக்குள்ளேயே நடந்து முடிகிற காரியமாக. ஆனால் தமிழ்நாட்டுச் சபை வரலாற்றைப் புரட்டினால், ஒருத்தர் நிசமாகவே மனந்திரும்பினாரா என்ற பரீட்சை சோத்துத் தட்டில் நடந்திருக்கிறது.

எங்கள் சின்னமனூர் இருக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்குப் பெரியகுளம் வழியாக வேதம் கொண்டுவந்தது அமெரிக்கன் மதுரை மிஷன். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த மிஷன் அது. அதற்கு முன்பே சபைக்குள் சண்டை தொடங்கியாச்சு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெரிய பாட்டுக்காரர், அதை மறுக்கவில்லை. அவரே 1829-இல், சாதி வழக்கத்தில் மிஷனரிகள் கைவைக்கக் கூடாது என்று எழுதினார். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதியை அடியோடு விடணும் என்று உத்தரவிட்டார். வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைத்தான் விட்டார்கள், சாதியை விடவில்லை.

மதுரை மிஷன் 1847-இல் இன்னும் ஒரு படி போனது. அன்பின் விருந்து என்று பெயர். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர் ஆக்கிய சோத்தை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள், நீக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடும் இதையே சோதனையாக வைத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

மிஷனரிகளின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்று உறுத்துது. அந்தச் சண்டையில் பெரிசாகப் பேசப்பட்டது, சாப்பிட முடியாமல் தவித்தவர்களின் மனப்போராட்டம். சோறு ஆக்கினவரின் மனசைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. மேல்சாதிக்காரரின் விசுவாசத்தை உரசிப்பார்க்கிற உரைகல்லாகத்தான் எங்கள் கை பயன்பட்டது.

எங்கம்மா சின்னமனூர் இருபோக வயலில் நடவு நட்டவர். விடியக்காலம் ஜெபம் தவறாது. ஒரே சபையைச் சேர்ந்த, வேறு சாதிக் குடும்பத்துக் கல்யாணத்தில் எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சபைப் பெரியவர் ஒருத்தர் ஆறுதலாக, “மன்னிச்சிருங்க, அதுதான் ஆவிக்குரிய வளர்ச்சி” என்றார். அம்மா சொன்னது: “மன்னிக்கிறதும் நாங்கதான், கடைசிப் பந்தியும் நாங்கதானாய்யா?”

சர்க்காருக்கு இந்தக் கடைசிப் பந்தி தெரியாது. 1950 ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. பிறகு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை, கிறிஸ்தவர் என்பதால் பெட்டிக்கடை மறுக்கப்பட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறினபிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபி என்றது 1985 தீர்ப்பு. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்பட்டோர் சான்றிதழ்.

இந்தச் சோத்துக் கதையைத் திருப்பிப் போட்டவர், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005-இல் காலமானார். ஆர்கனும் கர்நாடக ராகமும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் கிராமத்து மெட்டையும் பறையையும் பேச்சுத்தமிழையும் கொண்டுவந்தார். ‘ஒரே ஒலை’ என்பது அவர் இறையியலின் நடு. ஒரே உலையில் பொங்கி, பகிர்ந்து தின்கிற குடும்பம். 1847 விருந்தில் ஒருத்தர் சோதிக்கிறவர், ஒருத்தர் சோதிக்கப்படுகிறவர். இந்த உலைக்கு அப்படிச் சோதிக்கிற ஆள் கிடையாது. ஆக்கினவரும் பந்தியில் உட்காருகிறார்.

கடவுளை அவர் ‘பெத்தவரு’ என்றார். பிதாவே என்று ஜெபித்துப் பழகிய எங்கம்மா அந்த வார்த்தையை ரெண்டுதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “இதுல ஆத்தாளும் இருக்காள்ல?” என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டு ஜெபத்தில் ரெண்டையும் சேர்த்தே சொன்னார்.