ஒப்புதலும் ஏற்பும்: இங்கிலாந்தின் உள்ளூர்த் திட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

நிலப் பயன்பாட்டுத் திட்டம் வெறும் தொழில்நுட்ப ஆவணமன்று. எந்நிலத்தில் எது எழலாம், எவர் எங்கே வாழலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரத்தின் எழுத்துருவே அது. எனவே, அதனை வரைபவர் யார், அதற்குச் சட்டவலு அளிப்பவர் யார் என்னும் வினாக்கள் முக்கியமானவை.

1947ஆம் ஆண்டில் தொழிற்கட்சி அரசாங்கம் இயற்றிய நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம், நிலத்தை அபிவிருத்தி செய்யும் உரிமையை நிலவுடைமையினின்றும் பிரித்து அரசின் வசமாக்கியது. உள்ளூராட்சி மன்றங்கள் திட்டங்களைத் தயாரித்தன. அமைச்சரே ஒப்புதல் அளித்தார். சிறு விவரங்களும் அமைச்சரின் மேசைக்குச் சென்றமையாற் பெருந் தாமதம் ஏற்பட்டது. இக்குறையை நீக்க வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் திட்டங்களை இருவகைப்படுத்தியது. பரந்த கொள்கைகளைக் கூறும் கட்டமைப்புத் திட்டத்திற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. விரிவான உள்ளூர்த் திட்டத்தை மன்றமே தன் தீர்மானத்தால் ஏற்கலாம். திட்டம் உருவாகும்போதே மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமென 1969இல் ஸ்கெபிங்டன் குழு வற்புறுத்தியது.

ஆயினும், மன்றத்தின் கைக்கு வந்த அதிகாரம் மக்களின் கைக்கு வந்ததாகாது. இலண்டனின் கொவென்ற் கார்டன் இதற்குத் தக்க சான்று. அங்கிருந்த சந்தை இடம்பெயரவிருந்ததை வாய்ப்பாகக் கொண்டு, பழைய கட்டடங்கள் பலவற்றை இடித்து வீதிகளும் அலுவலகங்களும் அமைக்கும் திட்டமொன்றை உள்ளூராட்சி மன்றங்கள் 1968இல் வெளியிட்டன. குடியிருப்போர் அணிதிரண்டனர்; 1971இற் பகிரங்க விசாரணை நடைபெற்றது. 1973இல் அமைச்சர் ஜெப்ரி ரிப்பன் சுமார் 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தமையால் அத்திட்டம் செயலற்றதாயிற்று. உள்ளூர் மன்றத்திடமிருந்து உள்ளூர் மக்களைக் காக்க மத்திய அமைச்சரின் அதிகாரம் பயன்பட்ட இம்முரண் மனங்கொளத்தக்கது. ஆனால், கட்டடங்கள் காக்கப்பட்டனவேயன்றிப் பழைய வாழ்வு முழுமையாகக் காக்கப்படவில்லை. 1980இற் சந்தைக் கட்டடம் வணிக நிலையமாகவே மீளத் திறக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டுச் சட்டம் வரைவை வெளியிடல், கருத்துப் பெறல், சுயாதீனப் பரிசோதகரின் ஆய்வு, மன்றத்தின் ஏற்பு எனப் படிமுறையை வகுத்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டமோ அயற்பகுதித் திட்டங்களை மக்களே வரையவும் வாக்கெடுப்பால் முடிவு செய்யவும் இடமளித்தது. எனினும், அவை மன்றத்தின் தலையாய கொள்கைகளுக்கு அமைந்தே நடக்கவேண்டும்.

மத்தியா, உள்ளூரா என்பது மட்டும் இங்கு வினாவன்று. வரைவு முடிந்தபின் அழைக்கப்படும் மக்கள் ஆட்சேபிப்போராகவே நிற்பர். வரைவின் தொடக்கத்திலேயே இடம்பெறும் மக்களே திட்டத்தின் ஆக்கியோராவர்.