கணினிக்குள் ஒரு கணினி: லினக்ஸில் மெய்நிகர் இயந்திரம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஆனால், விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் சிறு வணிகர்கள் தயங்குவதுண்டு. அவர்களுக்குக் கைகொடுப்பதே மெய்நிகர் இயந்திரம்.

அது என்ன?

கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றில் ஒரு பங்கை எடுத்து மென்பொருள் உருவாக்கித் தரும் தனிக் கணினி அது. லினக்ஸ் வீட்டுக்காரர் என்றால், உள்ளே ஓடும் விண்டோஸ் வாடகைக்காரர். அந்த விண்டோஸின் வட்டு முழுவதும் லினக்ஸில் ஒரு பெரிய கோப்பாகவே இருக்கும்.

எப்படி வந்தது?

ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டது. சாதாரண கணினிகளுக்கு விஎம்வேர் 1999-இல் கொண்டு வந்தது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் இதற்கான வசதியைச் செயலியிலேயே சேர்த்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. கூகுளின் கிளவுட் சேவையும் கேவிஎம்மையே பயன்படுத்துகிறது. புதியவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் எளிது.

கவனிக்க வேண்டியவை

* பயாஸ் அமைப்பில் ‘விர்ச்சுவலைசேஷன்’ வசதி முடக்கப்பட்டிருந்தால் அதை இயக்க வேண்டும்.

* நினைவகம் இருவருக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 8 ஜிபி உள்ள கணினியில் 4 ஜிபியை விண்டோஸுக்கு ஒதுக்கலாம்.

* மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவினாலும் விண்டோஸுக்கு உரிமம் தேவை.

* உள்ளே வைத்தாலும் பழைய விண்டோஸ் பழையதுதான். பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. கணக்கு வேலைக்கு இணையம் தேவையில்லை என்றால், அதன் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்லது. வங்கி, மின்னஞ்சல் வேலைகளை லினக்ஸிலேயே செய்துகொள்ளலாம்.

* ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைத்தால், ஏதேனும் கெட்டுப்போகும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால், அது காப்பு நகல் ஆகாது. வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே, வாரம் ஒரு முறையாவது மெய்நிகர் இயந்திரத்தை முழுமையாக நிறுத்திவிட்டு, அதன் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து வைப்பது அவசியம். கணினியே பழுதானாலும், அந்த நகலை வேறொரு லினக்ஸ் கணினியில் இயக்கிக் கணக்கைத் தொடரலாம்.