உத்திரமேரூர் வட்டாரத்தில் கூடார முகாம்: பாசறையிலிருந்து மாணவர் முகாம் வரை

வீட்டை விட்டு வெளியேறி, திறந்த வெளியில் தற்காலிகத் தங்குமிடம் அமைத்துச் சில நாள்கள் தங்குவது கூடார முகாம் எனப்படும். இன்று இது பொழுதுபோக்காகவும் மாணவர் பயிற்சியாகவும் அறியப்படுகிறது. முற்காலத்தில் போர், வரி வசூல், நில அளவை ஆகிய பணிகளின் பகுதியாக இருந்தது. காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூரும் அதன் சுற்றுப்புறமும் இம்மாற்றத்தை அறிய ஏற்ற இடங்கள்.

வசதியான முகாமுக்கு வேண்டியவை நான்கு: மேடான நிலம், நல்ல தண்ணீர், ஏற்ற பருவம், உணவும் சுமையும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு. முதல் மூன்றும் அன்று போலவே இன்றும் தேவைப்படுகின்றன. நான்காவதை யார் செய்தார்கள், அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியது.

பாசறை

தமிழில் படை தங்கும் இடத்தைக் குறிக்கப் பாசறை, பாடி, கட்டூர் எனப் பல சொற்கள் உள்ளன. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, கார்காலத்தில் காட்டினுள் அமைந்த அரசனின் பாசறையை விரிவாகக் காட்டுகிறது. காட்டை வெட்டி இடம் திருத்துதல், முள்வேலி இடுதல், கூடாரங்களைத் தெருக்கள் போல வரிசையாக அமைத்தல், இரவில் விளக்கேற்றுதல், நாழிகை பார்த்துச் சொல்லுதல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இடத் தேர்வு, காவல், ஒளி, நேர ஒழுங்கு என முகாம் திட்டத்தின் அடிப்படைக் கூறுகள் பலவும் அங்கேயே காணப்படுகின்றன.

சத்திரமும் திண்ணையும்

பொதுமக்களின் பயணத்தில் கூடாரத்துக்கு இடம் மிகக் குறைவு. யாத்திரிகர்களும் வணிகர்களும் சத்திரம், கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை ஆகியவற்றில் தங்கினர். கெடாமல் இருக்கும் புளிச்சோற்றைக் கட்டுச்சோறாக எடுத்துச் சென்றனர். கூடாரம், அதைச் சுமக்க மாடும் ஆளும் வைத்திருந்தவர்களின் உடைமையாகவே நீண்டகாலம் இருந்தது.

ஏரியும் ஊர்ச் சபையும்

முகாமின் முதல் தேவை தண்ணீர். இவ்வட்டாரத்தில் தண்ணீரின் இருப்பிடம் ஏரி. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் எனக் குறிக்கப்படுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.யு. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. அம்முறைப்படி ஏரி வாரியத்திற்கு ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்வு பெற முடியாது. வெளியூரார் வந்து பயன்படுத்திய ஏரிக்கரை, இவ்வாறு ஊரார் பொறுப்பேற்றுக் காத்த பொதுச்சொத்தாக இருந்தது.

கம்பெனி முகாம்

1763-ல் ஆர்க்காடு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை இந்த ஜாகீரின் ஊர்களை அளந்தார். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்தபோது, வெயிலில் எஃகுச் சங்கிலி நீளாமல் இருக்க அதற்கும் கூடார நிழல் அமைத்தார்.

அதிகாரிகளின் சுற்றுப்பயணம் மழைக்காலம் முடிந்த பின் தொடங்கும். அதிகாரியிடம் இரண்டு தொகுதிக் கூடாரங்கள் இருக்கும். ஒன்றில் அவர் தங்கியிருக்க, மற்றொன்று மாட்டு வண்டியில் இரவோடு இரவாக அடுத்த ஊருக்குச் செல்லும். அவர் காலையில் குதிரையில் வந்து சேரும்போது கூடாரம் தயாராக இருக்கும். நிழலுக்காக மாந்தோப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தோப்பு என்ற தமிழ்ச் சொல்லே இந்திய ஆங்கிலத்தில் 'டோப்' என வழங்கியது. 'முகாம்' என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். வெளியூரில் இருந்து ஆணையிடும் அதிகாரி 'முகாம்' என்று எழுதி ஊர்ப்பெயரைக் குறிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு அலுவலகங்களில் இன்றும் உண்டு.

ஊரார் கொடுத்த விலை

அதிகாரியின் வசதிக்கான செலவு பெரும்பாலும் முகாம் இட்ட ஊர்களின் மேல் விழுந்தது. விறகு, புல், பால், கோழி, வண்டி, சுமையாள் ஆகியவற்றை ஊரார் தர வேண்டியிருந்தது. அதிகாரி விலை கொடுத்தாலும், அது இடையில் இருந்த சிப்பந்திகளைத் தாண்டி உரியவர் கைக்கு வராமல் போவதுண்டு.

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே உள்ள வேடந்தாங்கலில் சிக்கல் வேறு வகையானது. ஏரியில் கூடிய நீர்ப்பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால் ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-ல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு உறுதி செய்தார். வெளியார் வந்து செல்லும் இடத்தில் ஊராரின் உரிமை எழுத்தில் ஏற்கப்பட்டதற்கு இது சிறந்த சான்று.

முகாம் சுமைக்கு எதிரான மிகப்பெரிய எதிர்ப்பு வடக்கே குமாவுன் மலைப்பகுதியில் எழுந்தது. அங்கு அதிகாரிகளின் மூட்டைகளைக் கூலியின்றிச் சுமப்பதும் முகாமுக்குப் பொருள் தருவதும் கட்டாயமாக இருந்தன. 1921 ஜனவரியில் பாகேஸ்வர் உத்தராயணித் திருவிழாவில் கூடிய மக்கள், பத்ரி தத் பாண்டே முதலியோரின் தலைமையில், சுமையாள் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர்.

தன் சுமையைத் தானே சுமத்தல்

பொழுதுபோக்கு முகாம் வேறொரு வழியில் வளர்ந்தது. லண்டன் தையற்காரரான தாமஸ் ஹிராம் ஹோல்டிங், மிதிவண்டியில் கொண்டு செல்லத்தக்க எடை குறைந்த கூடாரங்களைப் பரப்பினார். 1901-ல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிரவுன்சி தீவில் சுமார் இருபது சிறுவர்களுடன் முகாம் நடத்தினார். சமையலும் கூடாரம் அமைத்தலும் சாரணர் பயிற்சியின் பகுதிகளாயின.

சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் அமைப்பை உருவாக்கினார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது அவருடைய இயக்கத்துடன் இணைந்தது. 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் மற்றும் வழிகாட்டிகள் அமைப்பு தோன்றியது. காந்தி நூற்றாண்டான 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. கிராமத்தில் ஏழு நாள் தங்கும் அதன் சிறப்பு முகாமே தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு முதல் முகாம் அனுபவம். பள்ளிக் கட்டடத்தில் படுத்து, முறை வைத்துச் சமைத்து, குளம் தூர்வாரும் இம்முகாமில் தங்க வருபவரே ஊருக்காக உழைக்கிறார்.

முதல் முகாமுக்கான திட்டம்

இவ்வட்டாரத்தில் முதல்முறை முகாமிடுவோருக்கும் அதே நான்கு தேவைகளே திட்டமாகின்றன.

பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் கடும் வெயில். ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. அப்போதும் விடியற்காலைப் பனிக்குப் போர்வை வேண்டும்.

இடம்: ஏரியின் உட்பகுதியும் கலங்கல் நீர் செல்லும் வழியும் தவிர்க்க வேண்டியவை. கரையிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில் கொசுவும் ஈரமும் குறையும். புளியமரத்தடியில் இரவு படுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கு. தோப்பானால் உரிமையாளரின் இசைவும், சரணாலயப் பகுதியானால் வனத்துறையின் அனுமதியும் தேவை.

தண்ணீர்: குடிநீரைக் கொண்டு செல்லலாம், இல்லையெனில் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

உணவும் சுமையும்: முதல் இரவுக்குக் கட்டுச்சோறு போதும். கூடாரத்தை வீட்டு மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பழகி, ஒரே ஓர் இரவு தங்கித் திரும்புவது தொடக்கத்திற்கு நல்லது. விறகையும் பாலையும் ஊரில் உரிய விலை கொடுத்து வாங்கி, குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். பழைய முகாம்கள் கட்டாமல் விட்டுச் சென்ற பாக்கி இந்த நான்காவது தேவையில்தான் இருந்தது.