பனியன் பூவை ஒட்டும் பசை

திருப்பூர்னா எல்லாரும் சாயத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவு, எல்லாம் தெரிஞ்ச கதை. ஆனா பனியன் நெஞ்சில் அச்சடிச்ச பூவைப் பிடிச்சு வச்சிருக்கிற பசைக்கும் ஒரு வரலாறு இருக்கு.

சாயம் பருத்தி இழையோடு சேர்ந்துவிடும். சேராமல் மிஞ்சியதை அலசித் தள்ளணும். நொய்யலுக்குப் போனது அந்தத் தண்ணிதான். பிக்மென்ட் அப்படி இல்லை. அது வெறும் வண்ணப்பொடி, பருத்தியோடு ஒட்டவே ஒட்டாது. பைண்டர் என்கிற பாலிமர் பசைதான் படலமாகக் காய்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 150 டிகிரியில் சில நிமிஷம் சுட்டால் போதும், அலசல் தேவையில்லை.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இன்டர்கெமிக்கல் நிறுவனம் 'அரிடை' என்ற பெயரில் இந்த முறையைக் கொண்டுவந்தது. பிறகு தண்ணீரில் கலந்த அக்ரிலிக் பைண்டர்கள் வந்தன. ஆனா கூழ் கெட்டியாக இல்லாட்டி பூவோட ஓரம் பரவிடுமே! அதுக்காக சீமெண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து வெண்ணெய் பதத்துக்கு அடிச்சாங்க. கூழில் பாதிக்கு மேல் சீமெண்ணெய். துணி காயும்போது அத்தனையும் பட்டறைக் காற்றில்.

1973-ல் ரெண்டு விஷயம் நடந்தது. எண்ணெய் விலை எகிறியது. சீமெண்ணெய்க்குப் பதிலாக, அம்மோனியா பட்டதும் உப்பிக் கெட்டியாகும் அக்ரிலிக் பொருட்கள் மெல்லப் பரவின. அதே வருஷம் ஜப்பான், துணியில் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு வைக்கச் சட்டம் போட்டது. உள்ளாடைக்கு 75 பிபிஎம், கைக்குழந்தை உடுப்பில் இருக்கவே கூடாது. பைண்டரை இறுக வைக்கும் ரசாயனம் சுடும்போது விடுவது அந்த வாயுவைத்தான். 1992-ல் வந்த ஓகோ-டெக்ஸ் முத்திரையும் இதையே கேட்டது. ஏற்றுமதி ஊர் கேட்காமல் இருக்க முடியுமா?

கவனிச்சீங்களா? ஒண்ணு விலைக்காக, இன்னொண்ணு போட்டுக்கிறவங்க தோலுக்காக. அச்சு மேசை பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவரின் மூச்சு இந்த ரெண்டு காரணத்திலும் இல்லை.

ஷூ பசையின் கதை வேற. பென்சீன் கலந்த பசை புழங்கிய ஷூ தொழிலாளிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 1974-ல் துருக்கி மருத்துவர் முசாஃபர் அக்சோய் எழுதினார். அங்கே கேள்வியே தொழிலாளியின் உடம்பிலிருந்துதான் தொடங்கியது. 'தண்ணீர்ப் பசை' என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. யாருக்காக மாத்தினாங்க, பட்டறைக்குள்ளே காற்று எப்படி இருக்குன்னும் கேட்கணும்.