சர்ப்பகந்தா முதல் குளோர்புரோமசீன் வரை

சித்தங் கலங்கியோரைப் பேய் பிடித்தோரெனக் கருதியமை பல நாட்டு வரலாற்றிலுங் காணப்படுவதே. சப்பிரகமுவா மாகாணத்து இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் இத்தகையோரைக் கோடாங்கியிடங் காட்டுதல் நெடுங்கால வழக்கு. நோய் முற்றியபின் எஞ்சியது 1926ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அங்கொடை மனநோய் வைத்தியசாலை, அவ்வூர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. உறக்கந் தருவனவன்றி மதிமயக்கத்தையே தணிக்கும் மருந்து மேனாட்டு வைத்தியத்திலும் அன்று இல்லை.

ஆயினும் கீழ்நாட்டில் ஒரு மூலிகை இருந்தது. சிங்கள மக்கள் ஏகவெரிய என வழங்கும் சர்ப்பகந்தாவின் வேரை வடஇந்தியர் பித்துக்கு மருந்தாகக் கொடுத்துவந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, சித்தக் கொந்தளிப்பையும் அடக்குமென எழுதினர். 1952இல் சுவிற்சலாந்திலே அதினின்று றெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் அமெரிக்கரான நேதன் கிளைன் அதன் பயனை அறிவித்தார்.

இதே காலத்திற் பிரான்சில் வேறொரு மருந்து தோன்றிற்று. 1950இல் ஆக்கப்பட்ட குளோர்புரோமசீனை 1952இல் பாரிசு நகரத்து டிலே, டெனிக்கர் என்போர் மனநோயாளருக்குக் கொடுத்துப் பெரும்பயன் கண்டனர். காலப்போக்கில் றெசர்ப்பின் பின்தங்க, இதுவே முதலிடம் பெற்றது.

இவை எங்ஙனம் வேலை செய்கின்றன? சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு றெசர்ப்பின் கொடுக்க, அவை அசைவற்றுக் கிடந்தன. மூளையில் டோப்பமீனாக மாறும் பொருளைச் செலுத்தவே எழுந்து இயங்கின. நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் பொருள் டோப்பமீன். றெசர்ப்பின் குளத்து நீரையே வற்றச் செய்வது போன்றது. குளோர்புரோமசீனோ வயலின் வாய்மடையை அடைப்பது போன்றது. இவ்வடைப்புக் கருத்தை அவர் 1963இல் வெளியிட்டார். 2000இல் நோபல் பரிசும் பெற்றார்.

நன்மையுந் தீமையும் ஒரே மடையிற் பிறத்தல் இங்கு நோக்கற்பாலது. பொய்க்குரல்களையும் வீண் ஐயங்களையும் தணிக்கும் அடைப்பே உடலசைவுக்குரிய டோப்பமீனையுந் தடுக்கின்றது. ஆதலின் கைந்நடுக்கம், உடல்விறைப்பு, ஓரிடத்தில் இருக்கவொண்ணாத் தவிப்பு ஆகியன தோன்றும். நெடுநாட் சென்றபின் வாயும் நாவும் தாமே அசைதலுமுண்டு. அஃது எல்லார்க்கும் முற்றாக நீங்குவதன்று. பின்வந்த மருந்துகள் சிலவற்றால் நடுக்கங் குறையினும் உடற்பருமனும் நீரிழிவும் வரக்கூடும்.

அலுவலக மேசையிலிருப்பவர்க்குக் கைந்நடுக்கம் ஓர் இடையூறு. இறப்பர் மரத்திற் பால் வெட்டுபவர்க்கோ அது பிழைப்பின் கேடு. பட்டையை மெல்லியதாய்ச் சீவவேண்டிய கத்தி ஆழப் பாயின் மரம் காயப்படும். விரல் விறைத்தால் கொழுந்தின் நிறை குறையும்; அரைப்பேரே விழும். குளோர்புரோமசீன் உண்பாரின் தோலை வெயில் எளிதிற் சுடும். குனிந்து சட்டென நிமிர்கையில் தலை சுழலும். சரிவான மலையில் அது பேராபத்து.

இவற்றைக் கண்டு, மருந்தே மனிதனைக் கெடுத்ததென வீட்டார் அதனைத் திடீரென நிறுத்துவர். சின்னாளில் நோய் மீளும். மீண்டுங் கோடாங்கியின் உடுக்கொலி லயத்திற் கேட்கும். அளவைக் குறைத்தல், மருந்தை மாற்றுதல், நடுக்கத்துக்கு மாற்று மருந்து கொடுத்தல் ஆகிய வழிகள் வைத்தியரிடம் உண்டு. ஆனால் நோயாளி தன் தொழிலையும் துன்பத்தையும் அவரிடம் சொல்லல்வேண்டும்; அவரும் செவிசாய்த்தல்வேண்டும்.

தோட்டத்திலிருந்து வந்து கற்கும் மாணவர் இவ்வரலாற்றை லயத்துத் திண்ணையில் எடுத்துரைப்பாராயின், நடுங்குங் கையை ஏளனஞ் செய்யாத ஒரு தலைமுறை அங்கு உருவாகும்.