தொடர்புப் போக்கு: ஒரு கோடும் அதன் பெயரும்

ஓர் அளவைக் கொண்டு மற்றோர் அளவை நேர்கோட்டின் வழியே மதிப்பிடும் முறைக்கு எளிய நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு என்று பெயர். இதன் கணக்கு வானியலிலும், ‘ரிக்ரெஷன்’ என்ற ஆங்கிலப் பெயர் பரம்பரை பற்றிய ஆய்விலும் தோன்றின.

வானியலாளர்கள் ஒரு கோளைப் பலமுறை அளந்தபோது அளவுகள் சிறிது சிறிது மாறுபட்டன. அவற்றுள் எதை நம்புவது என்ற சிக்கலுக்கு 1805இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் விடை சொன்னார். வால்மீன்களின் பாதை பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் அவர் வெளியிட்டதே மீச்சிறு வர்க்க முறை. அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோடே பொருத்தமானது. வர்க்கப்படுத்துவதால் மிகையும் குறையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. பெரிய பிழைகள் கூடுதலாகக் கணக்கில் ஏறுகின்றன. இம்முறையை 1795 முதலே தாம் கையாண்டு வந்ததாக ஜெர்மானியரான காஸ் 1809இல் எழுதினார். யார் முந்தியவர் என்ற பூசல் அதிலிருந்து எழுந்தது.

பெயரின் கதை இங்கிலாந்தில், பிரான்சிஸ் கால்டனிடம் தொடங்குகிறது. 1875இல் அவர் இனிப்புப் பட்டாணி விதைகளை அளவுவாரியாகப் பிரித்து நண்பர்களிடம் கொடுத்து விதைக்கச் செய்தார். பெரிய விதைகளின் வழித்தோன்றல்கள், சராசரியை விடப் பெரியவையாக இருந்தும், தாய் விதை அளவுக்கு விலகி நிற்கவில்லை. அடுத்து 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்து 1886இல் வெளியிட்டார். தாயின் உயரத்தை 1.08ஆல் பெருக்கித் தந்தையின் உயரத்தோடு சேர்த்துச் சராசரி கண்டார். அந்த அளவு பொதுச் சராசரியை விட 3 அங்குலம் கூடுதலாக இருந்தால், பிள்ளைகளின் உயரம் சராசரியாக 2 அங்குலமே கூடுதலாக இருந்தது. கோட்டின் சாய்வு மூன்றில் இரண்டு. சராசரியை நோக்கிய இந்தத் திரும்புதலைத்தான் அவர் ‘ரிக்ரெஷன்’ என்றார்.

இதைத் தலைமுறைதோறும் உயரங்கள் ஒன்றாகிவிடும் என்று பொருள் கொள்வது தவறு. மிக உயரமான பிள்ளைகளிடமிருந்து தொடங்கிப் பார்த்தால், அவர்களுடைய பெற்றோரும் சராசரிக்கு நெருங்கியே இருப்பார்கள். இரு அளவுகளின் ஒட்டுறவு, அதாவது அவை சேர்ந்து மாறும் தன்மை, முழுமையாக இல்லாத இடமெல்லாம் இந்தத் திரும்புதல் தோன்றும்.

1897இல் புள்ளியியலாளர் உட்னி யூல் கால்டனின் கோட்டை மீச்சிறு வர்க்க முறையோடு இணைத்தார். அதன்பின் பரம்பரையோடு தொடர்பில்லாத தரவுகளுக்கும் இக்கோடு பொதுக்கருவியானது. ‘பின்செல்லுதல்’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் ‘தொடர்புப் போக்கு’ என்ற பெயரோ, இரு அளவுகளின் தொடர்பு எத்திசையில், எவ்வளவு சாய்வில் போகிறது என்பதையே குறிக்கிறது. கோடு செய்யும் வேலைக்கு அதுவே பொருத்தமான பெயர்.